பத்ராவியின் கல்லீரலுக்குக் கிடைத்த பதவி உயர்வு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், எகிப்து நாட்டில் கஃப்ர் அபூ சித்ரா என்னும் ஊரில், பாசனத் துறை அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகளாக ஆவணக் காப்பாளராக இருந்துவரும் உஸ்தாஸ் பத்ராவி அவர்களின் கல்லீரல், மாகாண வைரஸ் கமிட்டியால் முறைப்படி பரிசீலிக்கப்பட்டு, இரண்டாம் கிரேடு என்று தீர்மானிக்கப்பட்டது. தீர்மானத்தில் நான்கு பேருடைய கையொப்பமும் அரசாங்கத்தின் கழுகு முத்திரையும் இருந்தன. மேல்முறையீடு கிடையாது.

இரண்டாம் கிரேடு என்றால் மாத்திரை கிடையாது என்று பொருள். ஹெபடைடிஸ் சி கிருமியை அடியோடு ஒழிக்கும் புது மாத்திரை வந்துவிட்டது, அரசாங்கமே கொடுக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்றே நாட்டில் பாதிப்பேர் இணையத்தில் பெயர் பதிந்தார்கள். இருக்கிற மாத்திரையை முதலில் யாருக்குக் கொடுப்பது? ஈரல் மூன்றாம் கிரேடுக்கும் நான்காம் கிரேடுக்கும் இறுகிப் போனவர்களுக்கு என்றது கமிட்டி. மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எதற்காக என்று கேட்டால், மோசமாவதற்காக.

கமிட்டி அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். வெளியே வருகிறவனின் முகத்தைப் பார்த்தே கிரேடு சொல்லிவிடலாம். பத்ராவிக்கு முன்னால் போன பருத்தி வியாபாரிக்கு நாலு என்று தெரிந்ததும் அவர் மனைவி குலவையிட்டாள். சுற்றி நின்றவர்கள் "மப்ரூக், மப்ரூக்" என்று வாழ்த்திக் கை குலுக்கினார்கள். ஈரல் கல்லாகிப் போன அந்த மனிதர் மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். பத்ராவி வெளியே வந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் தோளைத் தட்டி, "கவலப்படாதீங்க உஸ்தாஸ். இன்ஷா அல்லாஹ், மோசமாகும்" என்றார்.

பத்ராவி அவருக்கு நன்றி சொன்னார். நன்றி சொல்வதற்குக்கூட மூச்சு வாங்கியது.

அவருக்கு இந்தக் கிருமி வந்த வழியில் ஒரு மர்மமும் இல்லை. ஏழு வயதில், கால்வாய்த் தண்ணீரிலிருந்து உடம்புக்குள் ஏறும் புழுவை ஒழிக்க அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்கு ஊசியோடு வந்தது. ஒரு கண்ணாடி ஊசி, ஒரு வகுப்பு. ஓடியவனைப் பிடித்து வர வாசலில் வாத்தியார் கம்போடு நின்றார். அண்ணன் ஸக்கி முன்னால், தம்பி பத்ராவி பின்னால். புழு ஒழிந்தது உண்மைதான். அதற்குப் பதிலாக ஊசி வேறொன்றை வைத்துவிட்டுப் போனது நாற்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வரிசையில் நின்று வாங்கியதை வரிசையில் நின்றுதான் திருப்பித் தரவேண்டும் போலிருக்கிறது என்று பத்ராவி நினைத்துக்கொள்வார்.

ஸக்கி திருப்பித் தரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவர் வயிறு தண்ணீரால் வீங்கி, கால் வீங்கி, ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து கலாபியா அங்கியைக் கழற்றுவதற்குள் ரத்தமாகக் கக்கினார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பத்ராவி. கிண்ணம் போதவில்லை. அன்றிலிருந்து பத்ராவிக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அண்ணன் போன வழியில் போகக் கூடாது. பதவி, கௌரவம், மெக்காப் பயணம் எல்லாம் அதற்கப்புறம்.

முயற்சி செய்யாமலும் இல்லை. பழைய வைத்தியமான ஊசி மருந்தை நாற்பத்தெட்டு வாரம் போட்டுக்கொண்டார். குளிர்பெட்டிக் கதவில் வெண்ணெய்க்கட்டிக்குப் பக்கத்தில் ஊசிகள் நிற்கும். வியாழன்தோறும் ஒன்று. வெள்ளி முழுவதும் காய்ச்சல், சனிக்கிழமை அழுகை, வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை அலுவலகம். முடி கொட்டியது, பல் ஆடியது, ரமலான் மாதத்தில் தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்த பிரசங்கியாரோடு எழுந்து நின்று சண்டை போட்டார். நாற்பத்தெட்டாவது வாரம் கிருமி காணாமல் போனது. மூன்று மாதம் கழித்து, விடுமுறைக்குப் போய்த் திரும்பிய குமாஸ்தா மாதிரி, தன் இடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு புறா வைத்தியம். நோயாளியின் தொப்புள்மேல் உயிருள்ள புறாவை அழுத்தி வைத்தால் அது கிருமியை உறிஞ்சிக்கொண்டு செத்துப்போகும் என்று பக்கத்து ஊர் ஷேக் ஒருவர் கண்டுபிடித்திருந்தார். பத்ராவியின் தொப்புள்மேல் ஏழு புறாக்கள் செத்தன. ஷேக் அந்த அளவுக்கு அழுத்திப் பிடித்தால் கமிட்டித் தலைவரே செத்துப்போவார். கிருமிக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்ராவியின் மனைவி இன்ஷிராஹ் அந்த ஏழு புறாக்களையும் சமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வைத்தியத்தில் தனக்கு நம்பிக்கையில்லை, ஆனாலும் வயிற்றுக்குள் அனுப்பிப் பார்க்கிற அளவுக்கு அவநம்பிக்கையும் இல்லை என்றாள்.

இந்த நிலைமையில்தான் இரண்டாம் கிரேடு விவகாரத்தை இன்ஷிராஹின் தம்பி ஹில்மி கையில் எடுத்தார்.

ஹில்மியை ஊரில் ஹில்மி பே என்று பட்டத்தோடு கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் அவரே ஞாபகப்படுத்துவார். நகரசபைத் தேர்தலில் நின்று நாற்பத்தொரு ஓட்டு வாங்கியவர். அதன்பிறகு அவர் சட்டைப்பையில் இரண்டு கைப்பேசிகள். ஒன்றில் அமைச்சகத்தோடு பேசுவார். மற்றது அடிக்கும்.

கமிட்டி தீர்மானம் சொன்ன அன்று மாலை ஹில்மி வந்து உட்கார்ந்து, தேநீரில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே விஷயத்தின் வேரைப் பிடித்துவிட்டார். ஈரலின் இறுக்கத்தை அளந்து என்ன கிரேடு என்று கருவி சொன்னால் போதுமா? கருவிக்கு என்ன தெரியும்? இந்த நாட்டில் தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு எவன் பதவி உயர்வு வாங்கியிருக்கிறான்? பத்ராவியே முப்பத்தோரு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, வேறு சாட்சி வேண்டுமா? மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் தனக்கு வேண்டிய ஒருத்தர் இருக்கிறார், ஒரு காகிதம், ஒரு முத்திரை, முடிந்தது வேலை என்றார்.

மூன்றாம் கிரேடு என்று எழுதி வாங்கினால் போதும் என்று பத்ராவி முனகினார்.

"மூணு கேட்டா ரெண்டுதான் கெடைக்கும் மச்சான்," என்றார் ஹில்மி. "கழுதச் சந்தையில பேரம் பேசினதே இல்லியா நீங்க? நாலு கேக்கணும். நாலுக்கு மேல ரெண்டு வியாதி சேத்துக் கேக்கணும்."

பத்ராவிக்கு அது சரியில்லை என்று தெரியும். அலுவலகத்தில் அந்த மாதிரிக் காகிதங்களை அவர் நிறையக் கோப்பில் சேர்த்திருக்கிறார். ஆனால் அன்று அவர் நகரத்துக்குப் போய்வந்திருந்தார், ஏழு மணி நேரம் நின்றிருந்தார், கிண்ணம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, தேநீரை முடிக்காமலே படுக்கப் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் காகிதம் வந்தது. ஹில்மி அதை வாசலிலிருந்தே சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். கல்லீரல் நாலாம் கிரேடு. இரண்டு கால்களிலும் வீக்கம். வயிற்றில் நீர்த் தேக்கம். கீழே கழுகு, சிறகை விரித்து, ஒரு இறகுகூட மசியில் கலையாமல்.

"தண்ணி எதுக்குடா?" என்று கேட்டாள் இன்ஷிராஹ்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார் ஹில்மி.

கமிட்டியில் இந்தத் தடவை தலைவரே உட்கார்ந்திருந்தார். பேராசிரியர், டாக்டர், தேசிய ஆலோசனைக் குழு உறுப்பினர், இரண்டு சர்வதேச மாநாடுகளில் கட்டுரை வாசித்தவர். இவ்வளவும் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையில் எழுதியிருந்தது. பலகை மேசையைவிட ஒரு சாண் நீளம். இரண்டு ஓரத்திலும் விழுந்துவிடாமல் இருக்கக் கோப்புகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோப்புகளும் யாரோ சிலருடைய ஈரல்கள்தான்.

பேராசிரியர் காகிதத்தைப் படித்தார். "வயித்துல தண்ணி" என்றார்.

"இல்லீங்க பாஷா," என்றார் பத்ராவி மரியாதையாக.

"எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு. ஆனா இல்லீங்க." பத்ராவி சட்டையைத் தூக்கிக் காட்டினார். தட்டையான, களைத்துப்போன, ஏழு புறாக்களைப் பார்த்த வயிறு.

பேராசிரியர் வயிற்றைப் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் மறுபடி பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்து. "முத்திர சரியா இருக்கு. சட்டைய எறக்குங்க."

வயிற்றில் தண்ணீர் சேர்ந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தில் மாத்திரை கிடையாது என்று பக்கத்தில் இருந்த எழுத்தர் விளக்கினார். அவர்களுடைய ஈரல் மாத்திரையைத் தாண்டிய நிலை. மாற்று ஈரல் பொருத்தும் பட்டியலில் பெயரை எழுதிக்கொள்ளலாம். சொந்தத்தில் ஈரல் தர ஆள் இருக்கிறதா என்று கேட்டார். பத்ராவிக்கு முதலில் ஞாபகம் வந்தது ஹில்மி. இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஆக, ஒரு முறை நோய் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார், இன்னொரு முறை நோய் அதிகம் என்று. இடையில் அவர் ஈரல் எங்கேயும் போகவில்லை, விலாவுக்குக் கீழேதான் இருந்தது.

கழுகு முத்திரை இட்ட காகிதத்தைத் தப்பு என்று சொல்ல, கழுகு முத்திரை இட்ட இன்னொரு காகிதம் வேண்டும். அதைத் தரவேண்டியவர் முதல் காகிதத்தைத் தந்தவர். அவர் எப்படித் தருவார்? வேலை போய்விடும். அவரை மூன்று தடவை பார்க்கப் போனார்கள். முதல் தடவை கூட்டத்தில் இருந்தார், இரண்டாம் தடவை தொழுகையில் இருந்தார், மூன்றாம் தடவை பின்வாசல் வழியாக இல்லாமல் போனார். நாலு மாதம் இப்படியே ஓடியது. ஹில்மி மட்டும் தளரவில்லை. தண்ணீர் இருந்தது உண்மை, ஆனால் இறைவன் அருளால் வற்றிவிட்டது என்று ஒரு சான்றிதழ் வாங்கலாமே என்றார். அதற்கு ஷேக்கிடமே ஒரு கடிதம் கேட்கலாம், புறாக்களும் சாட்சி.

இன்ஷிராஹ் ரொட்டிக் கூடையைக் கீழே வைத்தாள். "ஹில்மி, உனக்கு விழுந்த நாப்பத்தொரு ஓட்டுல ஒண்ணு என்னோடது. அத எனக்குத் திருப்பிக் குடுத்துட்டுப் போ" என்றாள்.

பத்ராவி யாரையும் திட்டவில்லை. திட்ட அவருக்குத் தெம்பில்லை, தவிர ஒரு பழைய காட்சி வந்து குறுக்கே நின்றது. கால்வாயின் கடைக்கோடியில் நிலம் வைத்திருந்த ஒரு விவசாயி, தன் வாய்க்காலில் இரண்டு வருஷமாகத் தண்ணீர் வரவில்லை என்று புகார் கொண்டுவந்தார். பதிவேட்டில் தண்ணீர் வருவதாக இருந்தது, முத்திரையோடு. வெடித்துப்போன மண்கட்டி ஒன்றைத் துணியில் முடிந்து கொண்டுவந்து மேசைமேல் வைத்தார் அந்த ஆள். பத்ராவி மண்கட்டியைப் பார்க்கவில்லை. பதிவேட்டைத்தான் மறுபடி பார்த்தார். மேசையைத் துடைக்கச் சொன்னதும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஹில்மியிடம் சொல்லாமல், தனியாக நகரத்துக்குப் போனார். கல்லீரல் மையத்தின் தாழ்வாரத்தில் தேநீர் விற்பவன் இத்தனை மாதத்தில் அவருக்குச் சிநேகிதனாகியிருந்தான். கோப்பையை நீட்டிக்கொண்டே அவன் சொன்னான்: "கமிட்டிக்குப் போகாதீங்க உஸ்தாஸ். கடேசி ரூம்ல ஒரு அம்மா இருக்காங்க. பேர்ப்பலகைகூட கெடையாது. அவங்கதான் ஆளத் தொட்டுப் பாக்கறவங்க."

கடைசி அறையில் டாக்டர் நெர்மீன் அவித்த மொச்சை அடைத்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே யாருடைய ரத்த முடிவையோ படித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே பத்ராவிக்கு இருப்பதைவிடக் கறுப்பு. ஈரல் நோய்க்கென்றே படித்தவர்கள் அந்தக் கட்டடத்தில் அவரைத் தவிர இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களெல்லாம் கூட்டத்தில் இருந்தார்கள். அறைக்கு வெளியே அவருடைய வரிசை மாடிப்படி வரை போயிருந்தது. பத்ராவியின் முறை வருவதற்குள் பிற்பகல் அஸர் தொழுகைக்கான அழைப்பு கேட்டுவிட்டது.

அவர் முதல் காகிதத்தை வைத்தார். அதன்மேல் இரண்டாம் காகிதத்தை வைத்தார். இரண்டாவது பொய் என்று சொன்னார்.

டாக்டர் மெல்வதை நிறுத்தினார். "யார் பண்ண வேல இது?"

"நான்தான். கையெழுத்து என்னோடது."

"வயித்துல தண்ணின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றார் பத்ராவி. "எங்க அண்ணனுக்கு இருந்துது."

டாக்டர் ரொட்டியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவரைப் படுக்க வைத்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார். நோயாளியை நேரில் பரிசோதித்தேன், வயிற்றில் தண்ணீர் இல்லை, காலில் வீக்கம் இல்லை. எழுதிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "ரெண்டாம் கிரேடுக்கும் மார்ச்லேருந்து குடுத்துட்டுதான் இருக்கோம். நீங்க பேசாம வீட்டுல இருந்திருந்தா அவங்களே கூப்பிட்டிருப்பாங்க."

அப்போது செப்டம்பர்.

பத்ராவி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போட்டார். ஒரு பொத்தான் தள்ளிப் போட்டுவிட்டார். கழற்றி மறுபடி போட அலுப்பாக இருந்தது.

புதிதாக எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். கருவியை விலாவில் வைத்துப் பத்து தடவை தட்டினார்கள். இந்தத் தடவை முள் மூன்றாம் கிரேடில் நின்றது. சிபாரிசு இல்லை, முத்திரை இல்லை, முழுக்க முழுக்கத் தகுதி அடிப்படையில். அவர் வாழ்க்கையில் கிடைத்த முதல் பதவி உயர்வு அது. கருவி கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், போன தடவையே மூன்றாக இருந்திருக்கலாம், இந்த வருஷத்தில் ஆகியிருக்கவும் கூடும் என்றார் டாக்டர். யாரும் குலவையிடவில்லை.

மறுபடி ஊசி மட்டும் வேண்டாம் என்று பத்ராவி கேட்டுக்கொண்டார். அப்படியானால் இரண்டு வகை மாத்திரை, ஆறு மாதம் என்று டாக்டர் எழுதினார். இரண்டாவது மாத்திரை ரத்தத்தைக் குறைக்கும், மூச்சு வாங்கும், கோபம் வரும், மாதாமாதம் ரத்தம் பார்க்க வரவேண்டும். கிரேடு பற்றி யார் எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

மருந்தாளுநர் புட்டியின் மூடியைத் தானே உடைத்து, முதல் மாத்திரையைத் தன் கண்முன் விழுங்கச் சொன்னார். முழுப் புட்டியாகக் கொடுத்தால் விற்றுவிட்டுப் புறாவிடம் போகிறவர்கள் இருந்தார்கள். பத்ராவி விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார். ஐம்பத்தெட்டு வயதில் நாக்கைத் தூக்கிக் காட்டுவது அவருக்கு அவமானமாக இல்லை. அந்த வருஷத்தில், டாக்டருக்கு அடுத்து, காகிதத்தை விட்டு அவரையே பார்த்த இரண்டாவது ஆள் அந்த மருந்தாளுநர்.

ஆறு மாதம் எப்படிப் போனது என்றால், போனது. முதல் மாதமே முகம் வெளுத்துப் பழைய சுவர் மாதிரி ஆயிற்று. உடம்பெல்லாம் அரிப்பு, சீப்பை வைத்து முதுகைச் சொறிந்துகொள்வார். மூன்றாம் மாடியிலிருந்த தன் வீட்டுக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை படியிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. யார் போட்டது என்று எந்த வீட்டிலும் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போது மேலே ஏறுகிறவர்கள், மாடிப்படியில் ஒரு மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது உலக வழக்கம் என்பதுபோல ஸலாம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கோபமும் சொன்னபடி வந்தது. முலூகியாக் கீரைக் குழம்பில் பூண்டு கருகிவிட்டது என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டார். இன்ஷிராஹ் அதை எடுத்துத் தானே சாப்பிட்டாள். "மாத்திரதான பேசுது அபூ ஹஸன்," என்றாள், மகன் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டு. "மார்ச்ல அது வாய மூடிரும். அதுக்கப்பறமும் இப்பிடிப் பேசினீங்கன்னா அது நீங்கன்னு தெரிஞ்சு போகும், பாத்துக்குங்க."

காலையில் மருந்தாளுநர் மாதிரியே எதிரே நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். குவைத்தில் இருந்த மகன் ஹஸன் கூப்பிடும்போது, அப்பா ரொம்பத் தெளிவாக இருப்பதாகச் சொல்வாள். தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறையில் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டிருப்பாள். பத்ராவி அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். எழுந்து போய் ஏதாவது சொல்லலாம். எழ வேண்டுமே.

மாத்திரை முடிந்தும் மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள், கிருமி பழையபடி வருகிறதா என்று பார்க்க. அந்த மூன்று மாதத்தை அவர் எண்ணவில்லை. எண்ணினால் போகாது.

முடிவைச் சொல்ல டாக்டர் நெர்மீன் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, வெளியே வரிசை நின்றது. கிருமி இல்லை. ஒன்றுகூட இல்லை. இன்ஷிராஹ் முக்காட்டின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் இன்னும் ஏதோ சொன்னார், ஒரு சீட்டும் எழுதித் தந்தார். பத்ராவி அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஹில்மி பே விடுவாரா? அடுத்த சனிக்கிழமை இளைஞர் மன்றக் கூடத்தில் விழா. துணிப் பதாகையில் பத்ராவியின் படம் ஒரு முழம், ஹில்மியின் படம் மூன்று முழம். ரோஜா சர்பத், வாடகை ஒலிபெருக்கி. நகரசபைத் தேர்தல் மறுபடி வரப்போவதாகப் பேச்சிருந்தது. ஹில்மி அரைமணி நேரம் பேசினார். இந்தப் போராட்டத்தின் முதல் நாளிலிருந்து தான் தோள் கொடுத்ததைச் சொன்னார், தன் தொடர்புகளைச் சொன்னார், பாரோ மன்னர்கள் காலத்திலிருந்து நம் மண் மருத்துவத்துக்கு முன்னோடி என்றார். நாலாம் கிரேடிலிருந்து ஒரு மனிதரை மீட்டு வந்தோம் என்று சொன்னபோது பின்வரிசையில் இன்ஷிராஹ் பக்கத்திலிருந்தவளிடம் சர்பத்தைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். இது முழு வெற்றி, இறுதி வெற்றி, இனி இந்த மனிதருக்கும் மருத்துவமனைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று முடித்து, கைதட்டலுக்கு நடுவில் ஒலிவாங்கியைப் பத்ராவியிடம் நீட்டி, மக்களுக்கு நாலு வார்த்தை சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்.

பத்ராவி எழுந்து, சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

"கிருமி போயிருச்சு. ஆனா ஈரல் மூணாம் கிரேடு ஆயிட்டதால அதுல கட்டி வருதா பாக்கணுமாம். ஆயுசுக்கும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வரிசையில வந்து நிக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.

பிறகு உட்கார்ந்துகொண்டார்.